நரம்பாலி நட்ட குப்பையாண்டியார்

சாரல்முடியில் கோழி கூவுவதற்கு முன்னே குப்பையாண்டியார் இருமிவிடுவார். அந்த இருமலைக் கேட்டுத்தான் ஊர் கண் விழிக்கும். தலையில் ஒரு கட்டு விறகோடு அவர் மலைச்சரிவில் இறங்கி வருவார். எல்லாம் காய்ந்து தானாக விழுந்த சுள்ளி. பச்சை மரத்தில் ஒடித்த குச்சி ஒன்றுகூட அந்தக் கட்டில் இராது. சாரல்நாதர் கோயில் மடைப்பள்ளிக்கு அந்த விறகு. மதிலுக்கு வெளியே அதை அடுக்கிவிட்டு, வாசலுக்கு நேரே எட்ட நின்று, கொடிமரத்தைப் பார்த்துக் கும்பிடுவார். அவர் நின்ற இடத்திலிருந்து சுவாமி தெரியமாட்டார். உள்ளே போய்க் கும்பிடும் குலங்களில் அவர் குலத்தை ஊர் சேர்க்கவில்லை. ஆகவே அவருக்குக் கொடிமரம்தான் சுவாமி.

கும்பிட்டு முடித்ததும் சுனைக்குப் போவார். இரண்டு பானை நீர் மொண்டு, மூங்கில் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்து, கோயிலுக்கு வடக்கே நின்ற தலமரத்தின் காலில் ஊற்றுவார். வருஷத்தில் எட்டு மாதம் சாரல் அடிக்கிற மலையில் மரத்துக்கு எதற்கு நீர் என்று கேட்டவர்கள் உண்டு. "மழை ஊத்துறது அதும்பாட்டுக்கு. நான் ஊத்துறது எம்பாட்டுக்கு" என்பார்.

நரம்பாலி என்று அந்த மரத்துக்குப் பெயர். மேகம் உரசுகிற உச்சிக் காடுகளில் மட்டும் வளரும். அதன் இலையில் நடுநரம்பு கிடையாது. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும். கண்ணைப் பறிக்கிற பூ ஒன்றும் பூக்காது. மார்கழியில் திராட்சையைப் போலக் கருநீலக் காய்கள் உதிரும், அவ்வளவுதான். வளர்வதில் அதற்கு அவசரமே இல்லை. விதை போட்டு நாலு வருஷத்தில் ஒரு சாண் வந்தால் பெரிய காரியம். நட்டவன் அதன் நிழலில் உட்கார ஆசைப்படக்கூடாது என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

அடியாரின் பெயர் வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும் தாய் இவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஊர்க் குப்பைமேட்டில் போட்டு, "எனக்கு வேண்டாம் இந்தப் பிள்ளை" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பிறகு வேறொருத்தி எடுத்துக் கொடுக்க வாங்கிக்கொண்டாள். பிள்ளை தங்காத வீடுகளில் நம் நாட்டில் இப்படி ஒரு வழக்கம். குப்பையில் கிடப்பதை எமன் எட்டிப் பார்க்கமாட்டானாம். பிள்ளை பிழைத்தது, குப்பையாண்டி என்று பெயர் வைத்தார்கள்.

இன்று அடியார் என்று கைகூப்புகிறோம். இளம் வயதில் அவர் கோடாலிக்காரர். மரம் சாய்ப்பதில் அவருக்கு நிகர் அந்த மலையில் யாரும் இல்லை. மரம் எங்கே விழவேண்டுமோ அங்கே முதலில் ஒரு முளைக்குச்சி அடித்துவைப்பார். பிறகு வெட்டுவார். மரம் விழுந்து அந்த முளையையே மண்ணுக்குள் இறக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவரை வாழ்நாள் முழுதும் அழவைத்தது.

அந்நாளில் கோயிலுக்கு வடக்கே இரண்டு நரம்பாலிகள் நின்றன. முன்பு அங்கே ஒரு தோப்பே இருந்ததாம். தேருக்கு, உத்திரத்துக்கு, கதவுக்கு என்று தலைமுறைக்குத் தலைமுறை வெட்டி, கடைசியில் இரண்டு மிஞ்சின. விழுந்து முளைத்த கன்றுகளை மிளாமான் மேய்ந்தது. பெரிய மரங்கள்தான் நிற்கின்றனவே என்று யாரும் கவலைப்படவில்லை. இரண்டில் ஒன்று காய்க்கும். மற்றது காய்க்காது. காய்க்காத மரத்தில் பங்குனி மாதம் சிறுசிறு கதிர்கள் தொங்கும். அவற்றிலிருந்து மஞ்சள் தூள் கிளம்பிக் காற்றில் பறக்கும். சுனைநீரின் மேல் ஆடை போலப் படியும். பெண்கள் தும்மிக்கொண்டே தண்ணீர் எடுப்பார்கள். அது என்ன தூள், எதற்காகப் பறக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கு அது மலட்டு மரம்.

ஒரு ஐப்பசியில் இடி விழுந்து கோயில் கொடிமரம் பிளந்துபோனது. புதிய கொடிமரம் செய்யக் கீழ்நாட்டிலிருந்து உலகளந்த ஆசாரி என்ற தச்சர் வந்தார். கணு இல்லாமல், கோணல் இல்லாமல் நிமிர்ந்து நின்ற நரம்பாலிகளைக் கண்டதும் அவருக்கு வேறு மரம் கண்ணில் படவில்லை. இரண்டில் எதை என்பதுதான் கேள்வி. ஊர் கூடியது. ஆசாரி சாத்திரம் சொன்னார்.

"காய்க்கிற மரத்துல கோடாலி வைக்கப்படாது. அது பாவம். காய்க்காத மரம் நின்னு என்ன செய்யப்போகுது? அதை வெட்டும்."

ஊர் தலையாட்டியது. குப்பையாண்டியாரின் மனைவி சிலம்பாயி அம்மையார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷம், மடி நிறையவில்லை. அவர் கணவரின் காதில் மட்டும் விழும்படி சொன்னார்:

"காய்க்காததை எல்லாம் வெட்டிரலாம்னா, என்னை எப்ப வெட்டப்போறீரு?"

"சும்மா இரு. சாமி காரியம்" என்றார் அவர்.

மூன்று நாள் விரதமிருந்தார். மரத்தைச் சுற்றி வந்து, அதன் காலில் விழுந்து, "சாமிக்குத்தான் போறே, கோவிக்காதே" என்று கேட்டுக்கொண்டார். பிறகு வெட்டினார். மரம் முளைக்குச்சியின் மேலேயே விழுந்தது. ஊர் கைதட்டியது. தை மாதம் அது செப்புத்தகடு போர்த்திக் கொடிமரமாகக் கோயில் முன்னே நின்றது.

ஊருக்குத் திரும்பும் முன் ஆசாரி அவரைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "சாமிக்குக் கொடுத்த மரம் அடியில துளிர்க்கக் கூடாது. துளிர்த்தா, கொடுத்ததைத் திரும்பக் கேக்கிற மாதிரி. துளிரைக் கண்டா உடனே கிள்ளிரும்."

மரம் துளிர்த்தது. வெட்டிய அடிமரத்தைச் சுற்றி ஈட்டி நட்டதுபோல் நேர்நேராகத் துளிர்கள் கிளம்பின. குப்பையாண்டியார் ஒன்று விடாமல் கிள்ளினார். ஆனால் ஒரு துளிரையும் அவர் தரையில் போடவில்லை. சாமிக்குக் கொடுத்த மரத்தின் துளிரும் சாமிக்கே என்று வாழையிலையில் வைத்து மதிலடிக்குக் கொண்டுவருவார். பூசை செய்யும் அம்பலப் பண்டாரம் நீர் தெளித்து வாங்கிப்போய்ச் சுவாமியின் முடியில் சாத்துவார். மறுநாள் அது வாடிய பூக்களோடு சேர்ந்து கருவறைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்குப் போகும். திருமஞ்சன நீர் கோமுகத்தின் வழியே வழிந்து விழுவதும் அந்தப் பள்ளத்தில்தான். மூன்று பக்கம் பாறை, ஒரு பக்கம் மதில். கோமுகத்தை யாரும் தாண்டுவதில்லை. கழித்த பூவை யாரும் மிதிப்பதில்லை. கொட்டுகிறவரும் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். அது அந்தக் கோயிலின் வழக்கம்.

ஏழு வருஷம் அந்த அடிமரம் விடாமல் துளிர்த்தது. ஏழு வருஷம் அவரும் விடாமல் கிள்ளினார். எட்டாம் வருஷம் துளிர் வரவில்லை. அடிமரம் உளுத்துப் பொடிந்தது. விரதம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் சுவாமிக்குத் தேங்காய் உடைக்கக் கொடுத்தார். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு எழுவதில்லை. பக்தியில் குறை வைத்தவருக்கு இப்படி நேர்ந்தால் மனம் ஆறும். இவர் எதில் குறை வைத்தார்?

துளிர் கிள்ளத் தொடங்கிய காலத்திலேயே, வெட்டிய மறுவருஷமே, ஒற்றையாக நின்ற காய்க்கும் தாய்மரத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குள் ஒரு பயம் வந்திருந்தது. இதுவும் ஒருநாள் விழுந்தால் சாரல்நாதருக்குத் தலமரம் ஏது? கோடாலியைச் சுனையில் எறிந்தார். வெட்டிய கையாலேயே ஒரு தோப்பு எழுப்புவேன் என்று கொடிமரத்தின் முன்னே சொல்லிக்கொண்டார். அன்று தொடங்கியதுதான் நீர் சுமப்பது.

மார்கழியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கி, தோலைக் கசக்கிக் கழுவி, விதைகளைப் பானைநீரில் போடுவார். நல்ல விதை அமிழும், சொத்தை மிதக்கும். விதை போடுகிற எவருக்கும் தெரிந்த சோதனை இது. முதல் வருஷம் எல்லாம் மிதந்தன. மறுவருஷமும் மிதந்தன. மிதந்ததை யாரும் நடமாட்டார்கள். அவர் நட்டார். பாறை நிழலில் இலைமக்கு பரப்பி, ஈரப் பாசியால் மூடி, மிளா வராமல் முள்வேலி கட்டி, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை.

தாய்மரத்தின் பக்கக் கிளைகளை ஒடித்தும் நட்டுப் பார்த்தார். ஒன்றரை வருஷம் கழித்து அவை வேர் பிடித்தன. ஆனால் கிளை கிளையாகத்தான் கிடந்தது, தலை நிமிரவில்லை. பூசணிக்கொடி மாதிரித் தரையோடு தரையாகப் படர்ந்தது. ஊருக்குச் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தது. "சொத்தையாண்டி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

"மிதக்குறது சொத்தைவே. அதைப் போயி நடுறீரே?" என்று ஒருவர் கேட்டார்.

"மிதக்குறதுக்கும் ஒரு மண்ணு வேண்டாமா?" என்றார் இவர்.

இப்படியே இருபத்தெட்டு மார்கழி போயின. கோடாலி பிடித்த கைக்கு ஐம்பத்திரண்டு வயது. தலை நரைத்துவிட்டது. அந்த வருஷத் திருவாதிரைக்குக் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண் இருந்தார். கடலோரப் பனங்காட்டு ஊர், புருஷன் பனையேறி. அவரும் கோயிலுக்குள் போகமுடியாதவர்தான். மரத்தடியில் உட்கார்ந்திருந்த குப்பையாண்டியாருக்கு ஒரு துண்டு கருப்பட்டியை உடைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பானையை எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எல்லாம் மிதக்கு?"

"மிதக்கும் தாயி. இருவத்தெட்டு வருசமா மிதக்கு."

"ஆம்பளை மரம் எங்க நிக்கு?"

அவருக்கு விளங்கவில்லை. இசக்கியம்மாள் சிரித்துவிட்டார். "மரத்துல ஆம்பளை ஏதுன்னு பாக்கீரா? எங்க பனையில இருக்கே! ஆம்பளைப் பனை காய்க்காது. கதிரு தள்ளும், தூளு பறக்கும், அம்புட்டுதான். ஆனா அது பக்கத்துல நின்னாத்தான் பொம்பளைப் பனையில கொட்டை பிடிக்கும். காய்க்கலியேன்னு அதை எவனாச்சும் வெட்டுவானா?"

குப்பையாண்டியார் கையிலிருந்த கருப்பட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "இங்கயும் ஒண்ணு நின்னுச்சு" என்றார்.

"எங்க அண்ணாச்சி?"

அவர் கையைத் தூக்கிக் கொடிமரத்தைக் காட்டினார்.

இசக்கியம்மாளின் சிரிப்பு நின்றது. ஆறுதலாக எதையாவது சொல்லவேண்டுமே என்று, "பனையை வெட்டுனா அதோட போச்சு. இது மலைமரம், அடியில துளிர்க்குமே. துளிர்க்கலியா?" என்றார்.

"துளிர்த்துச்சு. ஏழு வருசம் துளிர்த்துச்சு."

"பெறகு?"

"கிள்ளிட்டேன் தாயி."

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தெரியாம செஞ்சதுதான அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்தார். குப்பையாண்டியார் தம் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டு வருஷம் அவர் காலையும் மாலையும் கும்பிட்டது எதை? தாம் வெட்டிச் சாய்த்த அந்த மரத்தைத்தான். அதன் துணையை ஒற்றையாக நிறுத்திவிட்டு, அதன் காலில் தண்ணீர் ஊற்றி, ஏன் காய் பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் மதிலடியில் நின்று அம்பலப் பண்டாரத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, "எனக்கு என்ன தண்டனை சாமி?" என்று கேட்டார்.

பண்டாரம் நல்லவர். "சாத்திரம் சொன்னபடிதானப்பா செஞ்சே. உம்மேல பாவம் இல்லை" என்றார்.

"பாவம் இல்லைன்னா மரம் திரும்பி வந்திருமா சாமி?"

பண்டாரம் திருநீற்றை அள்ளி அவர் கையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து சிலம்பாயி அம்மையாரின் முன்னே உட்கார்ந்தார். "நீ அன்னைக்கே சொன்னே. நான் கேக்கலை" என்றார். அந்த அம்மையார் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கு நான் மரத்துக்காகச் சொல்லலை. எனக்காகச் சொன்னேன். இன்னைக்கு மரத்துக்காகச் சொல்லுதேன், கேளும். இம்புட்டுப் பெரிய மலையில இன்னொரு ஆம்பளை மரம் இல்லாமலா போச்சு? போயித் தேடும். தண்ணியை நான் ஊத்துதேன்."

நாலு வருஷம், பங்குனி தோறும் அவர் மலை மலையாகத் தேடினார். ஓடைகளில் மஞ்சள் ஆடை படிந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துப் போனார். அட்டை கடித்தது. பாறை வழுக்கி இடதுகால் முறிந்து, பிறகு வாழ்நாளெல்லாம் நொண்டினார். மூன்று மலை தாண்டி ஒரு நரம்பாலியைக் கண்டார். அதன் அடியில் கிடந்த காய்களை ஓடைநீரில் போட்டார், மிதந்தன. பக்கத்தில் பழைய அடிமரங்கள் மட்டும் இருந்தன. அங்கேயும் யாரோ ஒரு நல்ல மனிதர் சாத்திரப்படி நடந்திருக்கிறார்.

நாலாம் வருஷம் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. சிலம்பாயி அம்மையாருக்கு ஐந்து நாள் காய்ச்சல். போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காய்ச்சலோடு கடைசிவரை நீர் சுமந்தார் என்று சொன்னார்கள். அவர் வைத்த பானைகள் தாய்மரத்தடியில் அப்படியே இருந்தன. குப்பையாண்டியார் அந்தப் பானைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பிறகு அவர் தேடப் போகவில்லை.

இத்தனைக்கும் சுவாமியின் மேல் அவருக்கு ஒரு முணுமுணுப்பும் வந்ததில்லை. கொடிமரத்தைக் கும்பிடுவதை அவர் நிறுத்தவுமில்லை. முன்பெல்லாம் கும்பிட்டு வேண்டிக்கொள்வார். இப்போது கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். விதைகள் வெறும் கூடு என்று தெரிந்த பின்னும் மார்கழி தோறும் பொறுக்கினார், கழுவினார், நீரில் போட்டார், மிதந்ததை நட்டார்.

"இன்னும் எதுக்குவே இந்த வேலை?" என்று ஊர் கேட்டது. இப்போது அந்தக் கேள்வியில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"என்னைக்காவது ஒரு நல்ல விதை வரும். அன்னைக்கு என் கை வேலையை மறந்திருக்கக் கூடாது பாருங்க" என்றார்.

அவருக்கு எழுபதாம் வயது நடந்தது. கண்ணில் புரை. அந்தப் பங்குனியில் சுனைநீரின் மேல் ஒரு மெல்லிய மஞ்சள் படலம் இருந்ததை அவர் பார்க்கவில்லை. தண்ணீர் எடுத்த பெண்கள் இரண்டொருவர் தும்மினார்கள். சளிக்காலம் என்று நினைத்துக்கொண்டார்கள். பழைய தும்மலை அறிந்தவர்கள் அவரைத் தவிர ஊரில் யாரும் உயிரோடு இல்லை.

மார்கழி வந்தது. தாய்மரத்தடியில் உட்கார்ந்து விதைகளைக் கழுவிப் பானையில் போட்டார். கையால் துழாவிப் பார்த்தார். எல்லாம் விரலைச் சுற்றி மிதந்தன. மிதந்ததை அள்ளி எடுத்தார். பானையின் அடியில் ஏதோ தட்டுப்பட்டது. கல் என்று நினைத்து எடுத்து எறியப் போனவர், விரலால் உருட்டிப் பார்த்து நிறுத்தினார். மறுபடி நீரில் விட்டார். அது நேரே கீழே போனது. மறுபடி எடுத்தார். மறுபடி விட்டார். அப்போதும் கீழே போனது.

"சிலம்பாயி" என்று கூப்பிட்டார். அம்மையார் இறந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

அதே நாள் உச்சிவேளை. அம்பலப் பண்டாரம் காலமாகி, அவர் மகன் திருமேனிப் பண்டாரம் பூசை செய்த காலம் அது. நடை சாத்திவிட்டு மண்டபத் தூணில் சாய்ந்தவர் கண்ணயர்ந்தார். கருவறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பண்டாரமே, உன் தகப்பன் என் முடியில் சாத்திய துளிர்களில் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். அதற்கு உரியவன் வெளியே நிற்கிறான். நாற்பத்தாறு வருஷமாக நிற்கிறான். உள்ளே கூட்டி வா. என் கோமுகத்தை அவன் தாண்டட்டும்."

பண்டாரம் திடுக்கிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். அங்கே, கொடிமரத்துக்கு நேரே, எட்ட நின்று, உள்ளங்கையில் ஒரு விதையை ஏந்திக்கொண்டு குப்பையாண்டியார் நின்றிருந்தார். பண்டாரம் அவர் கையைப் பிடித்து, "உள்ள வாரும்" என்றார்.

"வேண்டாம் சாமி. ஊரு ஏசும்."

"ஊரு ஏசட்டும். சாமி கூப்பிடுதாரு."

ஊர் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் வந்தது. நொண்டிக் காலோடு அவர் முதன்முறையாக அந்த வாசற்படியைத் தாண்டினார். கருவறையைச் சுற்றி, யாரும் தாண்டாத கோமுகத்தைத் தாண்டி, பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார்கள். நூறு வருஷத்துப் பூவெல்லாம் மட்கிக் கரிய மண்ணாகிக் கிடந்தது. அதன் நடுவே, கோமுகநீர் விழும் இடத்தில், பாறைகளின் நிழலில், இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மரம் நிமிர்ந்து நின்றது. புரை விழுந்த கண்ணுக்கு இலை தெளியவில்லை. பண்டாரம் ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தார். விரலால் தடவினார். நடுநரம்பு இல்லை.

"ஐயோ, அதைக் கிள்ளாதேயும் சாமி" என்று அலறினார் அவர்.

பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மரத்தைத் தொட அவருக்குப் பயமாக இருந்தது. அந்தக் கைகள் செய்ததை அவர் மறக்கவில்லை. கண்ணீர் மட்டும் தாடையிலிருந்து சொட்டியது. "என்னையும் எங்க ஆத்தா குப்பையில போட்டுத்தான் பிழைக்க வச்சா" என்றார். "நீயும் அப்படித்தான் பிழைச்சியா? சிலம்பாயி பாக்காம போயிட்டாளே."

"சாமியைத் திரும்பிப் பாக்கலியே நீரு?" என்று பண்டாரம் மெல்லக் கேட்டார்.

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன் சாமி."

பிழைத்தது என்று மகிழ்ந்து இந்தக் கதையை இங்கே முடித்துவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துளிர் வேர் பிடித்துச் சாண் உயரம் வந்தபோதே அதன் இலையைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லக்கூடியவர் அந்த ஊரில் ஒருவர் இருந்தார். அவரை உள்ளே விடவில்லை. உள்ளே போனவர்களுக்கு இலை தெரியாது. நடுவில் ஒரு மதில். அந்த மதிலைச் சுற்றித்தான் ஒரு மனிதர் மூன்று மலை அலைந்தார், காலை முறித்துக்கொண்டார், மனைவியின் கடைசி மூச்சுக்கு இல்லாமல் போனார். சாரல்நாதர் தம் பின்புறத்திலேயே அந்த மரத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருஷம் காத்திருந்தார். காத்திருந்தது மரம் வளர்வதற்காக என்பார்கள். கதவு திறப்பதற்காகவும்தான் என்று எனக்குத் தோன்றும்.

அமிழ்ந்த அந்த ஒற்றை விதையை அவர் பழைய அடிமரம் பொடிந்த இடத்திலேயே ஊன்றினார். அவர் கை வேலையை மறந்திருக்கவில்லை. இலைமக்கு, ஈரப் பாசி, முள்வேலி எல்லாம் அதே மாதிரி. ஆடிச்சாரலில் மண் பிளந்து இரண்டு இலை வந்தது. மறுவருஷம் நாலாயிற்று. அதற்கு மேல் அவர் இருந்து பார்க்கவில்லை. ஒரு விடியலில் இருமல் கேட்காமல் ஊர் பதறி எழுந்தது. போய்ப் பார்த்தார்கள். நீர் ஊற்றி முடித்து, காலிப் பானைகளுக்கு நடுவே, முள்வேலியில் தலை சாய்த்துக் கிடந்தார். முள் அவர் கன்னத்தில் பட்டிருக்கவில்லை.

திருமேனிப் பண்டாரம் அன்று சுவாமிக்குச் சாத்திய மாலையைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டார். அதன் பிறகு சாரல்முடியில், கொடியேற்றுவதற்கு முன்னே, விறகு சுமக்கிறவர் ஒருவரை உள்ளே அழைத்து, கோமுகம் தாண்டவைத்து, பள்ளத்து மரத்துக்கு ஒரு பானை நீர் ஊற்றச் சொல்வது வழக்கமாயிற்று. துளிரைக் கிள்ளும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள்.

அவர் நட்ட கன்று இன்னும் ஆள் உயரம் வரவில்லை. அதற்கு அவசரம் இல்லை. மிதந்த விதைக்கும் மண் கொடுத்த குப்பையாண்டியாரின் திருவடிக்கு நம் தலை தாழட்டும்.